ஆர். குவேவாஸ் என்று எழுதிய கை

ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஒன்பது மணிக்கு எங்கள் பக்கத்து வானொலியில் பேஸ்பால் வினாடி-வினா உண்டு. முதலில் சரியாகச் சொல்கிறவருக்கு ஒரு முழு சலாமி, அதாவது ஒரு முழ நீள இறைச்சி உருளை, பரிசு. போன வருஷம் மார்ச்சில் ஒரு ஞாயிறன்று வந்த கேள்வி இது: சர்க்கரை ஆலை அணிகள் ஆடும் கிழக்கு ஆலைகள் லீக்கில், எதிரணிக்கு ஒரு ஹிட்டும் ஒரு ரன்னும் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் முடித்த முதல் பிட்சர் யார்?

எங்கள் குடியிருப்பில் இருக்கும் காசில்தா ரெய்னோசோ அப்போது வாழைக்காய் வேகவைத்துக்கொண்டிருந்தார். கேள்வி முடிவதற்குள் போனை எடுத்துவிட்டார். “ஃபெனெலோன் தோர்வில்” என்று பெயரைச் சொன்னார். 1974 ஆகஸ்ட் பதினொன்று, குவாசுமா மைதானம், எதிரணி லா ரொமேரா ஆலை என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார்.

“தப்புங்க தோன்யா,” என்றார் நிகழ்ச்சி நடத்துபவர், வயதான பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல்லால். “ரதாமேஸ் குவேவாஸ்தான் சரியான விடை. இன்டர்நெட்லயே இருக்கு.”

“அந்த ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதினதே நான்தான்யா.”

“அப்ப உங்களுக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருந்திருக்கணுமே,” என்று அவர் சிரித்தார். இணைப்பு அறுந்தது. சலாமி யாரோ ஒரு டாக்சி ஓட்டுநருக்குப் போனது.

இதெல்லாம் எங்கள் வீட்டு ரேடியோவிலும் கேட்டது. ஐந்தாவது நிமிஷம் அவர் எங்கள் வாசலில் நின்றார், கையில் வாழைக்காய் மசிக்கிற கட்டையோடு. என் அம்மா காபி போடப் போய்விட்டாள்.

“உன் கம்ப்யூட்டரைத் திற,” என்றார் என்னிடம். “எந்த நாய் அப்படி எழுதி வச்சிருக்குன்னு பாக்கணும்.”

திறந்தேன். எந்த நாய் என்று எனக்குத் தெரியும். நான்தான்.

என் அப்பா கரும்பு வண்டிகளில் பாரம் ஏற்றியவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கரும்பு ஆலைத் தொழிலாளர் குடியிருப்பான குவாசுமாவில் மூன்றாவது ஆள். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. பட்டம் வாங்கிய அன்று எங்கள் ஆட்கள் ஒரு பஸ் பிடித்துத் தலைநகருக்கு வந்தார்கள். நான் படித்தது ஆவணக் காப்பகவியல். அதற்கான ஆய்வாக, காசில்தா ரெய்னோசோ எழுதிய நாற்பத்து மூன்று ஸ்கோர் புத்தகங்களையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினேன். கடைசியில் ஒரு பட்டியலும் போட்டேன்: லீக்கின் முதல் ஹோம் ரன், ஒரே பந்தில் மூன்று பேர் அவுட்டான முதல் ஆட்டம், ஹிட்டும் ரன்னும் இல்லாத முதல் ஆட்டம். சந்தியாகோ நகரத்தில் ஒருவர் நடத்தும் பேஸ்பால் வரலாற்றுத் தளம் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துப் போட்டது. அதைப் பார்த்து ஒரு செய்தித்தாள் எழுதியது. செய்தித்தாளைப் பார்த்து இன்னும் ஏழெட்டுத் தளங்கள். எல்லாவற்றுக்கும் வேர் என் பட்டியல். என் பட்டியலுக்கு வேர் காசில்தாவின் புத்தகம்.

அந்தப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். உருண்டையான பென்சில் எழுத்து. பிட்சர் என்ற இடத்தில்: ஆர். குவேவாஸ்.

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“இது என் கையெழுத்து.”

“ஆமாங்க தோன்யா.”

“அஞ்சு மாசம் என் வீட்டுல உக்காந்து படம் புடிச்சியே. ஒரு வார்த்தை கேட்டியா?”

புத்தகத்திலேயே இருக்கும்போது எதற்குக் கேட்பது என்று நினைத்ததாகச் சொன்னேன்.

“படிச்சவன்,” என்றார். காபியைத் தொடாமல் போய்விட்டார். கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை.

*

1974இல் லீக்கில் ஆட வேண்டுமென்றால் அடையாள அட்டை காட்ட வேண்டும். குவாசுமாவில் பாதிப் பேருக்கு அட்டை கிடையாது. ஹெய்ட்டியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். பிறந்தது இங்கேதான், ஆனால் பிறப்பைப் பதியப் போனால் பதிவலுவலகத்தின் ஜன்னல் மூடிக்கொள்ளும். அதனால் எங்கள் அணி ஒரு வழக்கம் வைத்திருந்தது. அட்டை வைத்திருப்பவன் ஆட மாட்டான். ஆடுகிறவனிடம் அட்டை இருக்காது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு ஆட்டக்காரன்.

ஃபெனெலோன் தோர்வில், ஊருக்கு நெலோ, அப்படி ஆடியவர். இடது கைப் பிட்சர். அவருக்கு அட்டை கொடுத்தவர் ஆலையின் எடைமேடைக் குமாஸ்தா ரதாமேஸ் குவேவாஸ். தங்கமான மனுஷர், ஆனால் ஒரு ஆரஞ்சுப் பழத்தைச் சாலைக்கு அந்தப் பக்கம் வீசத் தெரியாது. மைதானத்தில் எல்லோரும் நெலோ, நெலோ என்றுதான் கத்துவார்கள். அம்பயர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். புத்தகத்தில் மட்டும் ஆர். குவேவாஸ். அட்டையில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும் என்பது லீக்கின் விதி.

காசில்தாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஸ்கோர் எழுத உட்கார்ந்து இரண்டாவது வருஷம். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் ஆரம்பப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தார், ஞாயிறுதோறும் மூன்றாவது பேஸ் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தார். கல்யாணம் செய்துகொண்டார், கணவர் போர்ட்டோ ரிக்கோ போனார், அங்கேயே இருந்துவிட்டார். அதைப் பற்றி ஊரில் யாரும் அவரிடம் பேசத் துணிந்ததில்லை. ஒருமுறை பெரிய இடத்துப் பையன் ஒருவன் அடித்த பந்தை ஹிட் இல்லை, எதிராளியின் தவறு என்று எழுதினார். மறுநாள் அந்த வீட்டிலிருந்து ஒரு பாட்டில் ரம் வந்தது. பாட்டிலைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த ஆட்டத்தின் பக்கத்தில் ஓரமாக எழுதினார்: “மூன்றாவது இன்னிங்ஸை மாற்றச் சொல்லி ரம் வந்தது. மாற்றவில்லை.” அந்தப் பக்கமும் நான் ஏற்றிய படங்களில் இருக்கிறது.

பெயர்களைப் பற்றி அவருக்கு அப்போது ஒரு சமாதானம் இருந்தது. பெயர் லீக் கொடுப்பது, அது லீக்கின் பாவம். அடி, அவுட், தவறு, இவைதான் தன்னுடையவை, இவற்றில் ஒரு புள்ளிகூடப் பொய் இருக்காது. ஐம்பது வருஷம் அந்தச் சமாதானம் தாங்கியது. ஒரு சலாமியில் உடைந்தது.

சலாமி மட்டும் என்றால் ஒரு வாரம் திட்டித் தீர்த்திருப்பார். விஷயம் மைதானத்தில் இருந்தது. வில்லா கனேலா நகரசபை குவாசுமா மைதானத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. அந்த ஆட்டத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளான ஆகஸ்ட் பதினொன்றில் திறப்பு விழா. நுழைவாயில் சுவரில் அந்த முதல் பிட்சரின் பெயரைப் பொறிக்கப்போகிறார்கள். ரதாமேஸ் குவேவாஸ் மைதானம். முயற்சி எடுத்தவர் நகரசபை உறுப்பினர் வில்ட்டன் குவேவாஸ், ரதாமேஸின் மகன். ரதாமேஸ் இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது.

நெலோ உயிரோடு இருக்கிறார். எழுபது வயது. அவர் பெயர் எழுதிய ஒரு அரசாங்கக் காகிதம் இந்த நாட்டில் கிடையாது. இரண்டு வருஷம் முன்னால் ரொட்டி வாங்கப் போன இடத்தில் குடியேற்றத் துறையின் லாரியில் ஏற்றி ஹெய்ட்டி எல்லைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள், அவர் வாழ்நாளில் பார்த்தே இராத ஒரு ஊரில். திரும்பி வர ஒன்பது நாள் ஆனது. குவாசுமாவில் ஒரு சுவரில் முதல்முறையாக ஒரு மனிதனின் பெயர் ஏறப்போகிறது, அதுவும் அவருடையது இல்லை என்பதைத்தான் காசில்தாவால் பொறுக்க முடியவில்லை.

*

தவறு என் பட்டியலில் தொடங்கியது. அதை நானே சரிசெய்கிறேன் என்று கிளம்பினேன். என் பட்டியலை ஒரு நிமிஷத்தில் திருத்தினேன். உலகம் அதைக் கவனிக்கவில்லை.

சந்தியாகோக்காரருக்கு எழுதினேன். என்ன ஆதாரம் என்று கேட்டார். ஸ்கோர் எழுதியவரே சொல்கிறார் என்றேன். ஸ்கோர் எழுதியவரின் கையெழுத்து வேறு மாதிரிச் சொல்கிறதே, ஐம்பது வருஷத்து ஞாபகத்தைவிட அன்றைக்கே எழுதியது மேல் அல்லவா என்று பதில் வந்தது. பல்கலைக்கழகத்தில் எனக்கு இதே பாடத்தைத்தான் நடத்தினார்கள். பரீட்சையில் இதே பதிலை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

காசில்தா விடவில்லை. அந்தப் பக்கத்தில் பிட்சரின் பெயருக்குப் பக்கத்தில் இடது கை என்பதற்கான குறியைப் போட்டிருந்தார். ரதாமேஸ் எடைமேடையில் வலது கையால் கையெழுத்துப் போடும் ஒரு பழைய படமும் அவரிடம் இருந்தது. இரண்டையும் அனுப்பினேன். படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கலாம் என்றார் சந்தியாகோக்காரர். பின்னால் தொங்கும் காலண்டரின் எழுத்து நேராகத்தானே இருக்கிறது என்றேன். வலது கையால் எழுதி இடது கையால் எறிகிறவர்கள் எத்தனையோ பேர் என்றார். அதுவும் உண்மைதான். அவர் சொன்ன எதிலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் அவர் சொன்னது எல்லாம் தப்பு.

செய்தித்தாளுக்குப் போன் செய்தேன். தளத்தில் மாற்றினால் நாங்களும் மாற்றுவோம் என்றார்கள். தளத்துக்கு எழுதினேன். செய்தித்தாளில் திருத்தம் வந்தால் மாற்றுவேன் என்றார்.

காசில்தாவிடம் இதைச் சொன்னபோது அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரு போர்வையை முறுக்கிய முறுக்கில் தையல் விட்டது.

“அவன் சொன்னா இவன் சொல்லுவான், இவன் சொன்னா அவன் சொல்லுவான். ஆட்டத்தைப் பாத்தவ குறுக்க நின்னு கத்திக்கிட்டு இருக்கேன், ஒருத்தனுக்கும் காது இல்லை.”

மே மாதம் நகரசபைக்குப் போனோம். வில்ட்டன் குவேவாஸ் கெட்டவர் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அவர் எழுந்து வந்து காசில்தாவின் கன்னத்தில் முத்தமிட்டு வரவேற்றார்; அவர் வகுப்பில் ஒரு வருஷம் படித்தவர். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்தார், பிளாஸ்டிக் உறை போட்டது. 1974 ஆகஸ்ட் பதின்மூன்று. ஆர். குவேவாஸ், பதினான்கு ஸ்டிரைக் அவுட்.

காசில்தா அதை வாசித்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார். “உங்கப்பா நல்லவர்யா. அட்டையைக் குடுத்தார். அந்தக் காலத்துல அது லேசுப்பட்ட காரியம் இல்லை, மாட்டியிருந்தா வேலை போயிருக்கும். சுவத்துல அதை எழுது, நானே வந்து கைதட்டுறேன். ஆனா அவர் பந்து எறியலை.”

“எங்கப்பா நியூயார்க்ல பதினெட்டு வருஷம் லிஃப்ட் ஓட்டினார், தோன்யா. குளிர்ல வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழட்டாம இந்தக் காகிதத்தை எடுத்துப் பாப்பார். எனக்குக் காட்டிச் சிரிப்பார். அவர் பொய் சொன்னார்ங்கறீங்களா?”

“சிரிச்சார்ல. ஏன் சிரிச்சார்னு கேட்டியா?”

வில்ட்டனின் முகம் மாறியது. துண்டை உள்ளே வைத்து இழுப்பறையை மூடினார். பிறகு பேசியது பழைய மாணவன் அல்ல.

“சரி, புத்தகம் பொய். எழுதினது நீங்க. அப்ப நாப்பத்து மூணு புத்தகத்துல இன்னும் எத்தனை பொய் இருக்கு? அந்தக் கணக்கையும் எடுத்துக்கிட்டு வாங்க டீச்சர். சுவத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

திரும்பும்போது காசில்தா என் மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தார். எடைமேடை தாண்டியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “அவன் கேட்டதுல தப்பே இல்லை. அதுதான் வயிறு எரியுது.”

*

நெலோவிடம் அதுவரை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகளுக்கு காசில்தா ஞானத்தாய். அந்த உறவில் ஒருவரையொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். நெலோ வாதுமை மரத்தடியில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறார். நாங்கள் போன மத்தியானம் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

காசில்தா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தன் பெயர் சுவரில் வரப்போவதில்லை என்பது நெலோவுக்கு முன்பே தெரியும். குவாசுமாவில் எது ரகசியம். கடைசியில் காசில்தா, அவருக்கு வழக்கமில்லாத ஒரு குரலில், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றார். பெயர் வெளியே வந்தால் இன்னொருவர் அட்டையில் ஆடியதும் வெளியே வரும். லாரிக்காரர்களுக்கு அது போதும்.

நெலோ தலை நிமிரவில்லை. “பேரு எந்தச் சுவத்துலயும் இல்லாதப்பதான் கொமாத்ரே, என்னைத் தூக்கிட்டுப் போனாங்க. இருந்தா புதுசா என்ன பண்ணிடப் போறாங்க?”

குமிழி வந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். “இங்க பொறந்தேன்னா, சாட்சி காட்டுங்கறான். இங்க எறிஞ்சேன்னா, அதுக்கும் சாட்சி காட்டுங்கறான். இந்தத் தோள்பட்டை மழை வந்தா வலிக்குது. அதை எவனும் பாக்க மாட்டேங்கறான்.” அது இடது தோள்பட்டை.

“அப்ப என்ன பண்ணட்டும்?”

“எழுதினது நீங்கதான. நீங்களே திருத்துங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் காசில்தாவின் முகத்தைப் பார்த்தேன்; யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் நோட்டரியிடம் போனோம், உறுதிமொழிப் பத்திரம் எழுத. காசில்தா, நெலோ, அன்றைய ஆட்டத்தில் கேட்சராக இருந்த தெலிஸ்மா போல், நான். நோட்டரி முதலில் நெலோவின் அடையாள அட்டை எண்ணைக் கேட்டார். இல்லை என்றதும் பேனாவை மூடி வைத்தார். எண் இல்லாதவர் பத்திரத்தில் ஒரு தரப்பாக இருக்க முடியாது. அப்படியானால் சாட்சியாக தெலிஸ்மா இருக்கட்டும், அவருக்கு இப்போது அட்டை உண்டு என்றார் காசில்தா. நோட்டரி ஸ்கோர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அந்த ஆட்டத்தில் தெலிஸ்மா போல் என்று யாரும் ஆடவில்லையே என்றார். உண்மைதான். தெலிஸ்மாவும் வேறொருவர் அட்டையில்தான் ஆடினார். புத்தகத்தில் அவர் போர்ஃபிரியோ மெனா.

தெலிஸ்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காசில்தா அவரை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பு நின்றது.

“என் அட்டை எண் செல்லும்ல?” என்று கேட்டார் நோட்டரியிடம்.

“தாராளமா.”

“அப்ப என் பேர்ல மட்டும் எழுதுங்க. பொய் எழுதினவ நான். அதுக்கு வேற யார் அட்டையும் வேண்டாம்.”

காசில்தா ரெய்னோசோ ஆகிய நான், ஆலைகள் லீக்கின் ஸ்கோர் புத்தகத்தில், பந்து எறியாத ஒருவரின் பெயரை, தெரிந்தே எழுதினேன் என்று ஒரு பத்திரம் தயாரானது. அதை ஏற்றினேன். சொந்தமாக வெளியிட்ட ஆவணம் ஆதாரமாகாது என்றார் சந்தியாகோக்காரர். அன்று அவருக்கு நான் எழுதிய பதிலை இங்கே சொல்ல முடியாது.

*

திறப்பு விழாவில் 1974 ஆட்டத்தின் ஸ்கோர் பக்கத்தை வாசிக்க வேண்டும் என்று லீக்கின் நிர்வாகக் குழு காசில்தாவைத்தான் கேட்டிருந்தது. ஏப்ரலிலேயே கேட்ட விஷயம். வில்ட்டனுக்கு அது மறந்துவிட்டது போலிருக்கிறது, அல்லது டீச்சருக்குத் துணிச்சல் வராது என்று நினைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் பதினொன்று, ஞாயிறு. புதிதாகப் பூசிய சுவரின் மேல் துணி தொங்கியது. நகரசபை வாத்தியக் குழு, பிளாஸ்டிக் நாற்காலிகள், மேயரின் மனைவி. குவாசுமா ஆட்கள் நாற்காலிகளில் உட்காராமல் வேலி ஓரமாக நின்றார்கள். நெலோ வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

காசில்தா மேடையில் ஏறிப் புத்தகத்தைப் பிரித்தார். பெயர்களை மட்டையடி வரிசையில் வாசித்தார்.

“முதல் ஆள். புத்தகத்தில் மனுவெல் சொசா. மைதானத்தில் ஆடியவர் எலிசெ பியெர். இரண்டாவது. புத்தகத்தில் போர்ஃபிரியோ மெனா. மைதானத்தில் ஆடியவர் தெலிஸ்மா போல்.”

வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற அதே குரல். மூன்றாவது பெயரில் வேலி ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். நான்காவது பெயர் ஒரு செத்துப்போனவருடையது. அவருடைய மகள் அங்கே இருந்தாள், சிரிப்பு அடங்கியது. ஐந்தாவதில் வில்ட்டன் ஒலிபெருக்கிக்காரரைத் தேடினார். ஏழாவதில் மைக் செத்தது. காசில்தா நிறுத்தவில்லை. முப்பத்தைந்து வருஷம் அறுபது பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேல் பேசிய தொண்டை அது.

“ஒன்பதாவது. பிட்சர். புத்தகத்தில் ரதாமேஸ் குவேவாஸ். எறிந்தவர் ஃபெனெலோன் தோர்வில். அப்படி எழுதினது நான். என் பேர் காசில்தா ரெய்னோசோ. என்கிட்ட அட்டை இருக்கு, வேணும்கறவங்க எண்ணைக் குறிச்சுக்கலாம்.”

கைதட்டல் எழுந்ததா என்று எனக்குச் சரியாகத் தெரியாது, ஏனென்றால் அதற்குள் வாத்தியக் குழுவை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். மெரெங்கே இசைக்கு நடுவே துணி விலகியது. ரதாமேஸ் குவேவாஸ் மைதானம், நீல எழுத்தில். நெலோ அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாதுமை மரத்தை நோக்கி நடந்தார்.

புதன்கிழமை செய்தித்தாளில் அரைப் பக்கம்: “ஐம்பது ஆண்டு மோசடி: ஸ்கோர் எழுதியவர் ஒப்புக்கொண்டார்.” உள்ளே எலிசெ, தெலிஸ்மா, நெலோ எல்லோர் பெயரும் இருந்தன. வெள்ளிக்கிழமை லீக் ஒரு வரிக் கடிதத்தில் காசில்தாவை நீக்கியது. மேஜையையும் எடுத்துப் போனார்கள். சந்தியாகோக்காரர் நாற்பத்து மூன்று புத்தகங்களின் மேலும், அதோடு என் ஆய்வின் மேலும், சிவப்பில் ஒரு குறிப்புப் போட்டார்: நம்பகமற்ற மூலம். ரம் வந்தது, மாற்றவில்லை என்று எழுதிய பக்கத்தின் மேலும் அதே சிவப்பு.

பிறகு சந்தியாகோக்காரர் தன் பட்டியலைத் திருத்தினார். இப்போது செய்தித்தாளில் வந்துவிட்டதே. முதல் பிட்சர்: ஃபெனெலோன் தோர்வில் (ரதாமேஸ் குவேவாஸ் என்ற பெயரில் ஆடியவர்). ஒரு மாதத்துக்குள் மற்ற தளங்களும் மாற்றின.

நல்ல சேதி என்று ஓடிப் போய்ச் சொன்னேன். காசில்தா என்னை முறைத்தார்.

“அம்பது வருஷம் நான் யோக்கியமா இருந்தப்ப என் பேச்சு எடுபடலை. பொய்க்காரின்னு போட்டாங்க, உடனே எடுபடுது. இதுல நல்ல சேதி எங்கடா இருக்கு?”

நெலோ தளத்தின் அந்தப் பக்கத்தைக் காகிதத்தில் எடுத்துத் தரச் சொன்னார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தன் பெயர் எது என்று காட்டச் சொல்லி அதன் கீழே கட்டைவிரலை வைத்துக்கொண்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலில் இந்த மண்ணில் இருந்தேன் என்று சொல்கிற ஒரே காகிதம் இது, பதிவலுவலகத்துக்கு எடுத்துப்போகலாமா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் காசில்தா கைப்பையை எடுத்துவிட்டார்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை வில்லா கனேலா பதிவலுவலகத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். ஜன்னலில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். காகிதத்தைப் பார்த்து, இன்டர்நெட்டில் எடுத்தது செல்லாது என்றார். செய்தித்தாளைக் கொடுத்தோம். இதிலேயே மோசடி என்றுதானே போட்டிருக்கிறது என்றார். காசில்தா பையிலிருந்து அசல் புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்தார்.

“இதுல இவர் பேரே இல்லையே.”

“இல்லை. நான்தான் வேற பேர் எழுதினேன்.”

“தெரிஞ்சே பொய்ப் பேர் எழுதினதா எழுத்துமூலமாச் சொல்றீங்களா, தோன்யா? உங்க மேல புகார் பதிய வேண்டியிருக்கும்.”

மிரட்டி அனுப்பிவிடலாம் என்றுதான் சொன்னார். காசில்தா பக்கத்து ஜன்னலின் முன்னால் இருந்த நாற்காலியை இழுத்து நெலோவை உட்காரவைத்தார். தான் நின்றுகொண்டார்.

“பதிங்க. அரசாங்கத் தாள்ல பதிங்க, முத்திரை வைங்க. யார் பேரை மறைச்சேன்னு ஒரு இடத்துல எழுதியாகணும்ல? அதை எழுதாம இந்த ஜன்னலை மூட விடமாட்டேன்.”

பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகர்ந்து வந்து கேட்கத் தொடங்கினார்கள். ஜன்னல்காரர் உள்ளே போய் யாரிடமோ பேசினார். திரும்பி வந்து ஒரு படிவத்தை எடுத்தார், முகத்தில் வெறுப்போடு. குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் காசில்தாவின் பெயரையும் எண்ணையும் எழுதினார். பாதிக்கப்பட்டவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

“ஃபெனெலோன் தோர்வில்,” என்றார் நெலோ, அவராகவே.

ஜன்னல்காரர் எழுதினார்.

“அடையாள அட்டை எண்?”

நெலோ என்னைப் பார்த்தார். நான் காசில்தாவைப் பார்த்தேன்.

“அந்த இடத்துல ஒரு கோடு போடுங்க,” என்றார் காசில்தா. “போட்டுட்டு அடுத்த வரிக்கு வாங்க.”